ஆர்15க்கு வெளிச்சந்தைக் கவர் செட்: போல்ட் ஓட்டை விலகினால் இழுத்துப் பூட்டலாமா?

தம்பி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கிண்ணியாப் பக்கம் விழுந்ததில் உங்கள் யமஹா ஆர்15 இரண்டாம் மொடலின் வலது பக்கக் கவர் உடைந்துவிட்டது, முன்முகத்திலும் வெடிப்பு. ஒன்லைனில் யமஹா கம்பனி செய்யாத ஒரு முழு வெளிச்சந்தை செட் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் எடுப்பதா பைபர் எடுப்பதா, வீட்டிலேயே பூட்டலாமா, பொலிஸ் பிரச்சினை வருமா என்பவை அந்த மூன்றும். ஆனால் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். "ஓட்டை கொஞ்சம் விலகத்தான் செய்யும், இழுத்துப் பிடித்துத் துளைத்துப் பூட்டினால் சரி" என்று கராஜில் சொன்னார்களாம். நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அப்படிப் பூட்டினால் நிற்குமா? நிற்காது. ஏன் நிற்காது, எப்படிப் பூட்டினால் நிற்கும் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்ற மூன்றும் வழியில் வந்துவிடும்.

நான் திருகோணமலை டவுனில் பல வருடமாக மோட்டார் சைக்கிள் கவர் ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதுமாக இருப்பவன். எஞ்சின் என் வேலை அல்ல, அதைப் பற்றி இங்கே பெரிதாகக் கதைக்கவும் மாட்டேன். கவர் எங்கே வெடிக்கிறது, ஏன் அங்கேயே திரும்பத் திரும்ப வெடிக்கிறது என்பது மட்டும் கை பழகிய விஷயம்.

விழுந்த பைக்கில் புதுக் கவரின் ஓட்டை பொருந்தவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கவரை அல்ல, பைக்கை. ஆர்15இல் முன்முகம், ஹெட்லைட், மீட்டர், பக்கக் கண்ணாடி எல்லாம் ஒரு மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டத்தில்தான் நிற்கின்றன. ஸ்டே என்போம். பைக் பக்கவாட்டில் விழும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிதான் முதலில் நிலத்தில் குத்தும். கண்ணாடியின் போல்ட் நேரே ஸ்டேயில் இறங்குவதால் அடி முழுவதும் அங்கே போய், ஸ்டே ஒரு பக்கம் நெளிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நெளிவாக இருக்கும். ஆனால் மேலே சில மில்லிமீட்டர் விலகினால் கீழே பக்கக் கவரின் கடைசி ஓட்டைக்கு வரும்போது அது விரல் அகலமாகிவிடும். புதுக் கவரைக் குறை சொல்லித் துளைக்கிற ஓட்டைகளில் பெரும்பங்கு இந்த நெளிவுக்காகத் துளைக்கப்படுபவை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. பழைய கம்பனிக் கவரை எறிந்துவிடாதீர்கள். உடைந்த துண்டாக இருந்தாலும் ஓட்டைகள் உள்ள பகுதியை எடுத்து, பைக்கில் வைத்துப் பாருங்கள். கம்பனிக் கவரே இப்போது பொருந்த மறுத்தால் ஸ்டே நெளிந்திருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். அடிபடாத இடது கவரின் போல்ட்டுகளையும் தளர்த்திப் பாருங்கள். கடைசி போல்ட்டை எடுத்ததும் கவர் "டக்" என்று ஒரு பக்கம் துள்ளி விலகினால் அதுவும் இழுபட்டுத்தான் நின்றிருக்கிறது. அப்புறம் ஹாண்டிலை நேராக வைத்துக்கொண்டு, முன் ஃபோர்க் குழாயிலிருந்து ஸ்டேயின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். நெளிந்த ஸ்டேயைக் கழற்றி, வைஸில் பிடித்து, குளிராகவே மெதுவாக நிமிர்த்தலாம். பைக்கில் இருக்கும்போதே குழாய் கொடுத்து நெம்ப வேண்டாம். அது ஸ்டேயை நிமிர்த்துவதற்குப் பதில் சேசிஸில் அது உட்காரும் காதை, அதாவது போல்ட் பூட்ட நீட்டியிருக்கும் துண்டை, வளைத்துவிடும். வெல்டிங் இணைப்பில் வெடிப்புக் கண்டால் நிமிர்த்தக்கூட வேண்டாம், வேறு ஸ்டே வாங்குங்கள். ஹெட்லைட்டே அதில்தான் தொங்குகிறது.

இனி கவர் எப்படி நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். இதுதான் முழு விஷயத்திலும் முக்கியம். கம்பனிக் கவர் ஒன்றைக் கழற்றி அதன் ஓட்டையைக் கவனமாகப் பாருங்கள். பல இடங்களில் ஓட்டைக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அந்த ரப்பருக்குள் தொப்பி போல விளிம்பு வைத்த ஒரு சிறிய இரும்புக் குழல் இருக்கும். போல்ட் போவது அந்தக் குழலுக்குள்தான். இறுக்கும்போது போல்ட்டின் தலை குழலில் முட்டி நிற்கும், குழல் ஸ்டேயில் முட்டி நிற்கும். இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று நெரிக்கின்றன. பிளாஸ்டிக்கை எதுவும் நெரிப்பதில்லை, அது ரப்பருக்கு நடுவில் கொஞ்சம் ஆட இடம் வைத்து மிதந்துகொண்டிருக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் நீள்வதையும் இரவில் சுருங்குவதையும் அந்த இடைவெளி வாங்கிக்கொள்கிறது.

வெளிச்சந்தை செட்டில் இந்த ரப்பரும் குழலும் பெரும்பாலும் வராது. ஒரு பையில் கொஞ்ச போல்ட்டும் வாஷரும் வரும், சிலவற்றில் அதுவும் இல்லை. அப்போது என்ன நடக்கும்? போல்ட் நேரே பிளாஸ்டிக்கை நெரிக்கும். போதிய அளவு இறுக்கினால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும், இறுக்காமல் விட்டால் போல்ட் அதிர்ந்து கழன்று விழும். உப்புவெளிப் பக்கமிருந்து என்னிடம் வந்த ஒரு பைக்கில் இதை அப்படியே பார்த்தேன். பெயின்ட் புத்தம் புதிது, கண்ணைப் பறிக்கும். ஆனால் எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போல்ட் உரசி உரசி முட்டை வடிவாகிவிட்டது. விளிம்பில் பிளாஸ்டிக் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதிலிருந்து மூன்று பக்கமும் மயிரிழை வெடிப்பு, ஒன்று பெயின்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. ரப்பரும் குழலும் எங்கே என்று கேட்டால், பழைய கவரோடு போய்விட்டதாம். ஆகவே பழைய கவரிலிருந்து ரப்பர், குழல், கிளிப், உள்பக்கம் செருகியிருக்கும் யூ வடிவ நட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த ஓட்டையுடையது என்று எழுதி வையுங்கள். காணாமல் போனவற்றை கம்பனிப் பகுதியாகவே வாங்கலாம். கவரின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

இழுத்துப் பூட்டினால் நிற்காது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். இழுத்து நிற்கும் கவரில் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு பக்கம் நசுங்கி, இரும்பும் பிளாஸ்டிக்கும் முட்டிவிடும். கவர் எந்நேரமும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இழுவைக்கு மேல் அதிர்வும் வெயிலும் சேரும்போது மிக பலவீனமான ஓட்டையில் வெடிக்கும். எந்த மாதத்தில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, எந்த இடத்தில் வெடிக்கும் என்று சொல்லிவிடலாம்.

சரி, ஏபிஎஸ்ஸா பைபரா? முதலில் ஒன்று: கவர்க் கதையில் ஏபிஎஸ் என்பது பிளாஸ்டிக்கின் பெயர், பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏபிஎஸ்ஸை அச்சில் உருக்கி ஊற்றிச் செய்தால் ஓட்டை, காது, உள்விலா எல்லாம் கூர்மையாக வரும், கம்பனிக் கவருக்கு மிக நெருங்கும். அதே ஏபிஎஸ் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சிச் செய்ததும் "ஏபிஎஸ் செட்" என்ற பெயரிலேயே விற்கப்படும். அதில் மூலைகள் மெலிந்து, காதுகள் பிறகு ஒட்டப்பட்டிருக்கும். விளம்பரத்தில் ஏபிஎஸ் என்று எழுதியிருப்பதை வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது. விற்பவரிடம் உள்பக்கத்துப் படம் கேளுங்கள். உள்ளே விலாக்களும், அச்சு ஊசி தள்ளிய சின்ன வட்டத் தடங்களும் இருந்தால் ஊற்றிச் செய்தது. வழவழவென்று ஒன்றும் இல்லாமல், மூலைகள் வட்டமாக மழுங்கியிருந்தால் உறிஞ்சிச் செய்தது. கம்பனிப் பகுதிகளின் உள்பக்கத்தில் ஏபிஎஸ் அல்லது பிபி (பொலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்) என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிபியில் ஏபிஎஸ் பசை ஒட்டாது, தனிப் பிரைமர் அடிக்காமல் பெயின்ட்டும் நிற்காது.

பைபர் என்பது கண்ணாடி நார் மேட்டும் ரெசினும். அது வளையாது, அதனால் செருகிப் பூட்டும் மெல்லிய நாக்குகள் அதில் நிலைக்காது, போல்ட் மட்டும்தான். தடிப்பும் கூட, கம்பனி ரப்பரின் பள்ளத்துக்குள் விளிம்பு புகாமல் நிற்கும், சுரண்டி மெலிதாக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் பைபருக்கு ஒரு பலம் உண்டு. இது மீன்பிடி ஊர், பைபர் போட் திருத்துகிற கைகள் கரையோரம் எங்கும் இருக்கின்றன. மேட்டும் ரெசினும் கைக்கெட்டிய இடத்தில் கிடைக்கும். போட் திருத்துபவரிடம் கொடுத்தால் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: போட்டுக்கு வைப்பது போல் வைக்க வேண்டாம், சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட்டில் இரண்டு படை போதும். பாரம் கூடினால் அந்தப் பாரத்தை ஸ்டேதான் சுமக்க வேண்டும். எங்கள் சூட்டில், ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரும் ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று அளவில் நின்றாலே போதும், கூடினால் கையிலேயே இறுகிவிடும். அந்த ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் கண்ணே போகும் அளவுக்குப் பொல்லாதது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொட வேண்டாம்.

என் தெரிவு என்று கேட்டால், வீதியில் ஓடும் ஆர்15க்கு ஊற்றிச் செய்த ஏபிஎஸ். அது கிடைக்காவிட்டால், உறிஞ்சிச் செய்த ஏபிஎஸ்ஸை விட நல்ல பைபரை எடுப்பேன். இது நான் பூட்டியவற்றையும் கழற்றியவற்றையும் வைத்து வந்த அபிப்பிராயம். இதே வேலை செய்யும் இன்னொருவர் மாற்றிச் சொன்னால் அவரிடமும் நியாயம் இருக்கும்.

ஆனால் முழு செட் வேண்டுமா என்பதை ஒருமுறை யோசியுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும் வரை, இருக்கிற பைக்கை ஒட்டித் தைத்து ஓடியே நாங்கள் எல்லோரும் கைதேர்ந்துவிட்டோம். உங்கள் முன்முகத்தின் வெடிப்பு ஏபிஎஸ்ஸில் என்றால் திருத்தலாம். வெடிப்பு முடியும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் அது மேலும் ஓடாது. உள்பக்கம் வெடிப்பு நெடுகிலும் வீ வடிவில் சுரண்டி, உடைந்த வலது கவரின் துண்டுகளையே அசெற்றோனில் ஊறவைத்துக் கூழாக்கி நிரப்புங்கள். பின்னால் மெல்லிய ஸ்டெய்ன்லெஸ் வலையை அதே கூழில் பதித்தால் பலம் வரும். ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. வெளியே காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே அசெற்றோன் இருக்கும்போது சுரண்டினால் பிறகு அந்த இடம் பள்ளம் விழும். இப்படிப் பார்த்தால் உங்களுக்கு வாங்க வேண்டியது வலது பக்கக் கவர் ஒன்றுதான். கம்பனிக் கவர் ஒன்று, முழு வெளி செட் ஒன்று, இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கும்போது மொடலையும் கவனியுங்கள். மூன்றாம் மொடல் 155 சிசி, அதன் உடம்பே வேறு, எதுவும் பொருந்தாது. முதலாம் மொடலின் முகம் உங்களுடையதைப் போலவே இருக்கும், சாயலை நம்பாமல் பகுதி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே பூட்டலாமா? தாராளமாகப் பூட்டலாம். அவசரப்படாத ஒருவர் வீட்டில் செய்வது, பின்னேரத்துக்குள் பைக்கைக் கொடுக்க வேண்டிய கராஜ் செய்வதைவிட நன்றாக இருக்கும். பெயின்ட் அடிக்காத வெறும் கவரை முதலில் முழுவதுமாகப் பூட்டிப் பார்க்க வேண்டும், இதை மாற்றவே வேண்டாம். பெயின்ட் அடித்து வரும் செட் வாங்கினால் பொருந்தாத இடத்தைச் சுரண்டவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பூட்டும்போது முன்முகத்தை வைத்து, எல்லா போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று மட்டும் செருகுங்கள். பிறகு இரண்டு பக்கக் கவர், அடிக் கவர், அவற்றுக்கும் அதே இரண்டு மூன்று சுற்று. எந்த ஒரு போல்ட்டையும் இறுக்கவே கூடாது. இப்போது முழுக் கவரையும் இரு கையாலும் பிடித்து மெதுவாக அசைத்து, தன் இடத்தில் உட்கார விடுங்கள். அப்புறம் நடு மேலிருந்து வெளியே, இடமும் வலமும் மாறி மாறி இறுக்குங்கள். குழல் உள்ள இடத்தில் போல்ட் முட்டியதும் தெரியும், அதற்கு மேல் சிறிது. குழல் இல்லாமல் பிளாஸ்டிக்கில் நேரே இறங்கும் சிறு போல்ட்டுகளுக்கு நீண்ட சாவி எடுக்காதீர்கள், ஸ்குரூ டிரைவரின் பிடியைக் கையில் வைத்துத் திருப்பும் பலமே போதும்.

இப்படிச் செய்தும் ஒரு ஓட்டை விலகினால் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் வட்ட அரத்தால் ஓட்டையை அந்தப் பக்கம் நீட்டி, விளிம்பை மழுக்கி, மேலே அகல வாஷர் போடலாம். அது நேர்மையான திருத்தம். சென்றிமீட்டர் கணக்கில் என்றால், ஏபிஎஸ்ஸாக இருந்தால் அந்தக் காதை ஹெயார் டிரையராலோ கொதிநீராலோ சூடாக்கி, வேண்டிய இடத்துக்கு வளைத்து, ஆறும் வரை பிடித்திருங்கள். நூறு பாகையை நெருங்கும்போது இளகும். ஹீட் கன் என்றால் ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் சரிவரவில்லை என்றால் தவறு கவரில், திருப்பி அனுப்புங்கள். புதிதாகத் துளைக்கத்தான் வேண்டும் என்றால் பின்னால் ஒரு பலகைத் துண்டு வைத்து, சிறிய பிட்டில் தொடங்கி, மெதுவான வேகத்தில் பெருப்பியுங்கள். துளைத்த ஓட்டையின் விளிம்பில் ஒரு சின்னக் கீறல்கூட மிஞ்சக் கூடாது, அந்தக் கீறலில் இருந்துதான் வெடிப்பு கிளம்பும்.

போல்ட் கழலாமல் இருக்கத் திரெட் லொக் திரவம் விடச் சொல்வார்கள். உலோகத்துக்கு அது நல்லது. ஏபிஎஸ்ஸிலும் ஹெட்லைட் கண்ணாடியின் பொலிகாபனேற்றிலும் பட்டால், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உள்ளுக்குள் வெடித்துச் சிதறும். இறுக்கும்போது ஒன்றும் தெரியாது, பிறகு காது தானாகக் கையோடு வரும். கவர் போல்ட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், நைலோன் நட்டு போதும். அதேபோல் கவரைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும். பிரேக் ஒயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

பூட்டி முடிந்ததும் ஓடிப் பார்க்க முன் நின்ற இடத்தில் சில சோதனை. ஹாண்டிலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்புங்கள். பிடியோ கேபிளோ கவரில் முட்டக் கூடாது, விரல் நசுங்கவும் கூடாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டு அதே போல் திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் சத்தம் கூடினால் எக்ஸிலேற்றர் கேபிள் இழுபடுகிறது. அதோடு ஓடினால் வளைவில் பைக் தானாக வேகமெடுக்கும், கட்டாயம் சரிசெய்யுங்கள். முன் சஸ்பென்சனை அமத்தி, மட்காட் கவரின் அடியில் முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹெட்லைட்டை ஒரு சுவருக்கு நேரே பிடித்து வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டே நெளிந்து நிமிர்த்திய பைக்கில் வெளிச்சம் நிச்சயம் மாறியிருக்கும், ஹபரணை வீதியில் இரவில் எதிரே வருபவருக்கு அது ஆபத்து.

ஆர்15 தண்ணீரால் ஆறும் எஞ்சின். முன் சில்லுக்குப் பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்குக் காற்றை வழிகாட்டுவதும், சூடேறிய காற்றை வெளியே விடுவதும் கவரின் வேலைகளில் ஒன்று. வடிவுக்காகப் பக்கவாட்டுத் துவாரங்களை மூடிவிட்ட செட்டுகள் உண்டு, அவற்றைத் தவிருங்கள். எங்கள் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில், டவுனுக்குள் மெதுவாக ஓடும்போது ஃபேன் முன்பைவிட அடிக்கடி சுற்றினால் காற்றுப்பாதை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். சைலன்சர் குழாய்க்கு அருகே வரும் கவரின் உள்பக்கத்தில், கம்பனிக் கவரில் இருக்கும் வெள்ளித் தாளைப் போல, சூடு தாங்கும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். குழாய்க்கும் கவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். அடிக் கவரில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே போடுங்கள்.

பெயின்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. மாரியில் அடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் வேகமாகக் காயும் தின்னர் போட்டால் மேலே பால் போல வெளுத்துவிடும். ஹார்ட்னர் கலக்கும் டூகே பெயின்ட், கிளியர் இரண்டையும் வீட்டு முற்றத்தில் சாதாரணத் துணி மாஸ்க்கோடு அடிக்க வேண்டாம். அதில் ஐசோசயனேற்று இருக்கிறது, ஒருமுறை நெஞ்சுக்கு ஒவ்வாமல் போனால் ஆஸ்மா வாழ்நாள் முழுவதும் விடாமல் போகலாம். பூட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள், பெயின்ட்டை வசதியுள்ள இடத்தில் கொடுங்கள். உள்பக்கத்துக்கும் ஒரு படை கறுப்பு அடிக்கச் சொல்லுங்கள், வெறும் ஏபிஎஸ் வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும்.

இங்கே ஓடும் பைக்குக்கு உப்பு தனிக் கதை. நிலாவெளி வீதியில் ஓடினாலும் டச் பே பக்கம் நிறுத்தி வைத்தாலும் உப்புக் காற்று கவருக்குள் போய் வெளியே வராமல் தங்கும். முலாம் பூசிய சாதாரண போல்ட்டும் யூ நட்டும் முதலில் துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு கழற்ற முயலும்போது பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்டெய்ன்லெஸ் போல்ட் போடுங்கள், ஆனால் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் புரியில் கிரீஸ் தடவித்தான் போட வேண்டும். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் புரி பிடித்துவிடும். கவரைத் திறந்திருக்கும்போதே வயர் இணைப்புகளிலும் மின் இணைப்புக்குரிய கிரீஸ் விடுங்கள். மாரி முடிந்ததும் ஒருமுறை பக்கக் கவரைக் கழற்றி நல்ல தண்ணீரால் உள்ளே கழுவி, ரப்பர்களைப் பார்த்து, திரும்பப் பூட்டுங்கள்.

பொலிஸ் கேள்விக்கு வருவோம். உடைந்த கவருக்குப் பதில் அதே வடிவில் அதே நிறத்தில் இன்னொரு கவர் பூட்டுவது பிரச்சினையான மாற்றம் அல்ல. நிறத்தை மாற்றினால் கதை வேறு. பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்த வேண்டும். பெரும்பாலான செட்டுகள் முன் இலக்கத் தகட்டுக்கு இடமே வைப்பதில்லை, சிக்னல் லைட்டையும் ஒளித்துவிடுகின்றன. இந்த நாட்டில் முன் தகடு கட்டாயம், ஆகவே தகடு எங்கே நிற்கும் என்பதை வாங்க முன்பே யோசியுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைப் பொலிஸ் கடுமையாகப் பார்ப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முழுக் காப்புறுதி வைத்திருந்தால் மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து வையுங்கள். சிறகு போன்ற துண்டுகள் ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீதிகளில் ஓடும் வேகத்தில் அவற்றால் பயன் எதுவும் கிடையாது. கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது பிடிக்க இன்னும் கொஞ்சப் பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஒட்டியது கழன்று பின்னால் வருபவர் மேல் விழவும் கூடும்.

உங்கள் ஸ்டே நெளிந்திருக்கிறதா என்று படம் பார்த்து என்னால் சொல்ல முடியாது. நீங்கள் போட்ட படங்களில் வலது பக்கம் தாழ்ந்தது போல் தெரிகிறது, ஆனால் பைக் சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்பதால் அப்படித் தெரியலாம். நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஃபோர்க்கிலிருந்து ஸ்டேக்கு அளந்த அளவையும், விற்பவர் அனுப்பும் உள்பக்கப் படத்தையும் இங்கேயே போடுங்கள். பணம் கட்டுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.